மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும்

தாமிரபரணியைப் பற்றிப் பேச்செடுத்தால் தண்ணீர், நெல், வாழை, கோயில் என்று நெல்லைச் சீமையில் பேச்சு நீண்டுகொண்டே போகும். அந்த ஆறு வளர்க்கும் உயிர்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பதே இன்றைய பேச்சு. இரண்டும் தேனீக்கள். ஒன்று பொதிகையின் பாறை முகடுகளிலும் வானுயர்ந்த மரங்களிலும் வாழும் மலைத்தேனீ. பாறைத்தேனீ, பெருந்தேனீ என்ற பெயர்களும் அதற்கு உண்டு. மற்றது உடைமரக் காட்டிலும் வேலிப் புதரிலும் எலுமிச்சைக் கொம்பிலும் வாழும் கொம்புத்தேனீ.

முதலில் இவை வாழும் நிலத்தைக் கண்முன் கொண்டுவர வேண்டும். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலையை ஒட்டிப் பிறக்கும் தாமிரபரணி, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. இந்தியாவின் பல ஆறுகளோடு ஒப்பிட்டால் இது மிகக் குறுகிய பயணம். ஆனால் அந்தக் குறுகிய தொலைவுக்குள் நிலம் தலைகீழாக மாறிவிடுகிறது. மேலே ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டும் சோலைக்காடு. கீழே அதில் கால்வாசி மழைகூடச் சரியாக வராத கரிசலும் செம்மண்ணும். ஆற்றுக்குத் தெற்கே சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கம் போனால் செந்நிற மணல்மேடுகளாகக் கிடக்கும் தேரிக்காடு. பனையும் உடையும் கொல்லாமரமும் தவிர வேறு பெரிய பசுமை அங்கே இல்லை. காலையில் காரையாற்றில் நனைந்தவர் மதியத்துக்குள் தேரியில் கால் பொசுங்க நிற்கலாம். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு பூச்சிகள் இந்த இரண்டு நிலங்களையும் எப்படித் தமதாக்கிக்கொண்டன என்பதுதான் கேள்வி.

டென்மார்க் நாட்டுப் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் கொம்புத்தேனீக்கு 1787ஆம் ஆண்டிலும் மலைத்தேனீக்கு 1793ஆம் ஆண்டிலும் அறிவியல் பெயர் சூட்டினார். ஏபிஸ் ஃப்ளோரியா, ஏபிஸ் டார்சேட்டா என்று இன்றும் அந்தப் பெயர்களே வழங்குகின்றன. மலைத்தேனீயின் வேலைக்காரத் தேனீ ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கொம்புத்தேனீ அதில் பாதிதான். வயிற்றின் முன்பகுதி செங்கல் நிறத்திலும் பின்பகுதி கறுப்பு வெள்ளைப் பட்டைகளாகவும் இருக்கும். பார்த்தவர்கள் பலர் அதைச் சிறு ஈ என்று நினைத்துக் கடந்துபோயிருப்பார்கள்.

உருவத்தில் இவ்வளவு வேறுபாடு இருந்தாலும் இரண்டுக்கும் பொதுவான ஒரு பழக்கம் உண்டு. மரப்பொந்தில் அடுக்கடுக்காகக் கூடு கட்டும் அடுக்குத் தேனீயைப் போலவோ, சுவர் இடுக்கில் புகுந்துகொள்ளும் கொசுத்தேனீயைப் போலவோ இவை ஒளிவிடம் தேடுவதில்லை. ஒரே ஒரு தேனடை. அது திறந்தவெளியில் தொங்கும். சுவர் இல்லை, கூரை இல்லை, கதவும் இல்லை. வெயில், மழை, காற்று, எறும்பு, குளவி, பறவை, கரடி, மனிதன் என்று எல்லாமே நேராக வந்து மோதும். இந்த ஒரே சிக்கலை மலைத்தேனீ ஒரு வழியிலும் கொம்புத்தேனீ வேறொரு வழியிலும் தீர்த்துக்கொண்டன. அவற்றின் வாழ்க்கையில் மற்றவை எல்லாம் அந்தத் தீர்விலிருந்து கிளைத்தவை.

மலைத்தேனீயின் வழி உயரமும் கூட்டமும். செங்குத்துப் பாறையின் உள்வாங்கிய அடிப்பகுதியிலோ, ஏற முடியாத பெருமரக் கிளையின் அடியிலோ அடை கட்டும். அடை ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் வரை வளரும். ஒரு கூட்டில் 20,000 முதல் 60,000 தேனீக்கள் இருக்கும். அதைவிடப் பெரிய கூடுகளும் உண்டு. அவற்றில் பெரும்பகுதி பறந்து திரிவதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் கால் கோத்து, அடையின் இரு பக்கமும் பல அடுக்குத் திரையாகத் தொங்குகின்றன. முட்டையும் புழுவும் தேனும் அந்தத் திரைக்கு உள்ளே பத்திரமாக இருக்கின்றன. தேனீக்களின் உடலே வீட்டுச் சுவர். உள்ளே சூடு கூடினால் திரை நெகிழும், குளிர்ந்தால் இறுகும்.

அந்தத் திரையைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து கவனித்தால் ஓர் அதிசயம் தெரியும். பெரிய குளவி ஒன்று கூட்டை நோக்கி நெருங்குகிறது. உடனே ஓரிடத்தில் சில தேனீக்கள் வயிற்றை மேலே தூக்கி அசைக்கின்றன. பக்கத்தில் இருப்பவை அதைப் பின்பற்றுகின்றன, அவற்றின் பக்கத்தில் இருப்பவையும் அப்படியே. ஒரு நொடிக்குள் கூடு முழுவதும் அலை ஒன்று சுழன்று பரவி அடங்கும். குளவி இன்னும் நெருங்கினால் அடுத்த அலை எழும். ஆஸ்திரிய விஞ்ஞானி ஜெரால்ட் காஸ்ட்பெர்கரும் அவருடைய குழுவினரும் நேபாளத்தில் இதைப் படம்பிடித்து ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். கூட்டுக்கு அரை மீட்டர் நெருக்கத்தில் வரும் குளவிகளை இந்த அலை திகைக்கச் செய்து திருப்பி அனுப்புகிறது என்று காட்டினார்கள். ஒரு கொடுக்கும் செலவாகாமல், ஒரு தேனீயும் சாகாமல் முடிகிற போர் இது.

அலையை மதிக்காத எதிரிகளும் உண்டு. தேன் பருந்து மேலிருந்து பாய்ந்து அடையைப் பிய்க்கும். கரடி மரமேறிவிடும். அப்போதுதான் கொடுக்கு வேலைக்கு வருகிறது. ஒரு தேனீ கொட்டியதும் அந்த இடத்தில் வாழைப்பழ வாசனை கலந்த எச்சரிக்கை மணம் ஒன்று பரவும். அந்த மணம் மற்றவற்றை அழைக்கும். நூற்றுக்கணக்கில் துரத்தும், வெகுதூரம் விடாமல் துரத்தும். கல்லெறிபட்ட மலைத்தேனீக் கூட்டத்திடம் சிக்கியவர்கள் உயிரிழந்த செய்திகளை நாளிதழ்களில் நாமெல்லாம் படித்திருக்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கலைக்கப்படாத கூடு தானாக வந்து யாரையும் தாக்குவதில்லை.

இனி கொம்புத்தேனீ. மிரட்டுவதற்கு அதனிடம் உருவமும் இல்லை, பெரும்படையும் இல்லை. ஒரு கூட்டில் சில ஆயிரம் தேனீக்கள்தான். அடை பெரும்பாலும் உள்ளங்கை அளவு, மிஞ்சிப்போனால் இரண்டு உள்ளங்கை. அதனால் அது ஒளிந்துகொள்வதையே வழியாக வைத்துக்கொண்டது. இலையடர்ந்த புதரின் நடுவே, மெல்லிய கொம்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதைச் சுற்றி அடை கட்டும். மருதாணி வேலி, கொடுக்காப்புளி, எலுமிச்சை, உடை, சீமைக்கருவேல் எதுவானாலும் சரி. நிழலும் மறைவும் இருந்தால் போதும். இடுப்புயரத்தில்கூடக் கட்டும். பக்கத்தில் பாதை இருக்கும், ஆள் நடமாட்டம் இருக்கும்; ஒருவர் கண்ணிலும் படாது.

பறவை கண்ணிலிருந்து ஒளியலாம். எறும்பிடமிருந்து ஒளிய முடியாது. அதிலும் நம் பக்கத்தில் முசுறு என்று சொல்லும் செவ்வெறும்பு, இலைகளைப் பின்னிக் கூடு கட்டிக் கிளை கிளையாக ஆட்சி செய்வது, கொம்புத்தேனீக்குப் பரம எதிரி. கொம்பின் வழியாக ஒரு முசுறு வந்து சேர்ந்துவிட்டால் பின்னால் ஒரு பட்டாளமே வரும். இதற்குக் கொம்புத்தேனீ கண்டுபிடித்த உபாயம் மிக நுட்பமானது. அடை தொங்கும் கொம்பில், அடைக்கு இருபுறமும் மரப்பிசினைக் கொண்டுவந்து வளையமாகப் பூசிவிடுகிறது. வளையம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலம் இருக்கும். பிசின் காய்ந்து பிசுபிசுப்புக் குறைந்தால் மேலே புதிதாகப் பூசும். பக்கத்து இலை ஏதாவது கூட்டில் உரசினால் அதன் காம்பிலும் பூசும். கொம்பில் ஊர்ந்து வரும் எறும்பு வளையத்தின் விளிம்பில் முன்காலை வைத்துப் பார்க்கிறது, ஒட்டுகிறது, காலை இழுத்துத் துடைத்துக்கொள்கிறது, கொம்பைச் சுற்றி வந்து அந்தப் பக்கத்தில் ஒரு முறை முயல்கிறது, அங்கும் பிசின். திரும்பிவிடுகிறது. வளையத்துக்கு அந்தப் பக்கம் தேனீக்கள் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

பிசினையும் மீறி ஆபத்து வந்தால் கொம்புத்தேனீ சண்டைக்கு நிற்பதில்லை. கூட்டை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். சற்றுத் தள்ளி வேறொரு கொம்பில் புதிய அடை தொடங்கும். பக்கத்திலேயே குடியேறியிருந்தால், விட்டுவந்த பழைய அடைக்கு வேலைக்காரத் தேனீக்கள் திரும்பி வந்து மெழுகைச் சுரண்டி, மகரந்தம் சுமக்கும் பின்னங்கால் கூடையில் வைத்து எடுத்துப்போகும். தேனையும் உறிஞ்சிப் போகும். மெழுகு சுரப்பதற்குத் தேன் நிறையச் செலவாகும். பழைய மெழுகு அதற்குச் சேமிப்பு. வறண்ட நிலத்தில் வாழும் உயிருக்குத் தெரிந்த சிக்கனம் இது.

அமெரிக்க விஞ்ஞானி தாமஸ் சீலி, தம் மனைவி ராபின் சீலியுடனும் தாய்லாந்தின் பொங்தெப் அக்ரதனகுலுடனும் சேர்ந்து தாய்லாந்துக் காடுகளில் இந்த இரண்டோடு அடுக்குத் தேனீயையும் சேர்த்து ஒப்பிட்டு 1982இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு மைல்கல். கூடு அமையும் இடமும் கூட்டத்தின் அளவும் உடலின் பருமனும் கொட்டும் சுபாவமும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை என்று அது விளக்கியது. பின்னர் 1991இல் சீலியும் ஃப்ரெட் டயரும் இன்னொன்றையும் கண்டார்கள். திறந்தவெளியில் கூடு கட்டும் இந்த இரண்டு இனங்களின் வேலைக்காரத் தேனீக்களும் பொந்துத் தேனீக்களைவிட நிதானமாக உழைக்கின்றன; அதிக நாள் வாழ்கின்றன. திரையாகத் தொங்குவதற்கு எப்போதும் ஏராளமான உடல்கள் வேண்டும். ஓடி ஓடி உழைத்துச் சீக்கிரம் செத்துப்போனால் சுவர் இடிந்துவிடும். ஓயாத உழைப்புக்குத் தேனீயை உதாரணம் காட்டுவது நம் வழக்கம். மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் பொறுமையாகத் தொங்கிக்கொண்டிருப்பதையே பெரிய உழைப்பாகச் செய்கின்றன.

தேனீயின் நடனத்தைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பூ இருக்கும் திசையையும் தொலைவையும் நடனத்தால் சொல்லும் என்று கண்டறிந்த கார்ல் ஃபான் ஃப்ரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1950களின் நடுவில் இலங்கைக்கு வந்து நம் ஊர்த் தேனீக்களை ஆராய்ந்தார். இருண்ட பெட்டிக்குள் ஆடும் ஐரோப்பியத் தேனீ, செங்குத்தான அடையில், மேல்நோக்கிய திசையைச் சூரியனாக வைத்துக்கொண்டு கோணத்தைக் காட்டும். கொம்புத்தேனீ அப்படிச் செய்வதில்லை. அதன் அடை கொம்பைச் சுற்றிப் புடைத்து மேலே ஒரு சிறு மேடை போல இருக்கும். பூ கண்டு வந்த தேனீ அந்த மேடையில் ஏறி, வானம் பார்க்க, பூ இருக்கும் திசையை நோக்கியே நேராக ஓடி ஆடும். வடகிழக்கே முருங்கை பூத்திருந்தால் வடகிழக்கே ஓடிக் காட்டும். கோணத்தை மாற்றிக் கணக்குப் போடும் வேலையே இல்லை. தேனீ நடனத்தின் ஆதி வடிவம் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று லிண்டாவர் கருதினார்.

மலைத்தேனீக்கு மேடை கிடையாது. மேலே பாறையோ கிளையோ அடைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் செங்குத்தான திரையின் மேல், வெளிச்சம் படும் இடத்தில் ஆடுகிறது. நடனக் கோணத்தைப் புவியீர்ப்பை வைத்துக் கணக்கிடுகிறது. இதில் மலைத்தேனீக்கே உரிய ஒரு சிறப்பும் உண்டு: நிலவொளியில் அது இரவிலும் பூத்தேடிப் போகும். ஃப்ரெட் டயர் 1985இல் வெளியிட்ட ஆய்வின்படி, இரவில் ஆடும் தேனீயும் திசையைச் சூரியனை வைத்துத்தான் சொல்கிறது. சூரியன் பூமிக்கு அடியில் எங்கே இருக்கும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது! கண்ணுக்குத் தெரியும் நிலவை விட்டுவிட்டுத் தெரியாத சூரியனை அளவுகோலாகக் கொள்ளும் அந்தச் சிறிய மூளையை எண்ணிப்பார்த்தால் வியப்புத் தீராது.

இலங்கை இன்னொரு அருமையான உண்மையையும் தந்தது. ராணித் தேனீயும் ஆண் தேனீயும் வானத்தில் பறந்தபடியே கூடுவன. ஒரே ஊரில் மூன்று இனங்கள் வாழ்ந்தால் குழப்பம் வராதா? 1976இல் கோனிகரும் விஜயகுணசேகரவும் ஆண் தேனீக்கள் கிளம்பும் நேரத்தைக் கவனித்து எழுதினார்கள். கொம்புத்தேனீயின் ஆண்கள் நண்பகல் 12 மணி முதல் இரண்டரை மணி வரை பறக்கின்றன. அடுக்குத் தேனீயின் ஆண்களுக்கு மாலை நாலேகால் முதல் ஐந்தேகால் வரை. மலைத்தேனீயின் ஆண்கள் ஆறு மணிக்கு மேல், அந்தி மயங்கும் நேரத்தில், முக்கால் மணி நேரம் மட்டுமே. வானத்தை நேரம் பிரித்து மூன்று இனங்களும் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன.

பயணத்திலும் இரண்டும் வேறு வேறு. மலைத்தேனீ பருவம் பார்த்து இடம்பெயரும் உயிர். காட்டுமரங்கள் பூக்கும் கோடையில் மலையில் அடை கட்டும். தென்மேற்குப் பருவமழை இறங்கும்போது பாறைகளைக் காலி செய்துவிட்டுச் சமவெளிக்கு வரும். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகத் தேனெடுப்பவர்கள் அறிந்த நடப்பு இது. 100 கிலோமீட்டருக்கும் மேல் போகும் கூட்டங்கள் உண்டு. வியப்பு என்னவென்றால், அடுத்த பருவத்தில் அதே மரத்துக்கு, அதே கிளைக்குத் திரும்பி வருகின்றன. அசாமில் கூடுகளின் மரபணுவைச் சோதித்த ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வந்தது. போன கூட்டமே, அதே ராணியோடு, பழைய இடத்துக்கு மீண்டதை அது உறுதி செய்தது. பாறையில் பழைய அடையின் மெழுகுத் தழும்பைக் கண்டு, இந்த வருசமும் இங்கே வரும் என்று மலைவாழ் மக்கள் சொன்னது விஞ்ஞானத்துக்கு வந்துசேர அத்தனை காலம் ஆயிற்று.

கொம்புத்தேனீ அவ்வளவு தொலைவு தானாகப் போவதில்லை. வெயில் காலத்தில் நிழலுக்கும் குளிர் காலத்தில் வெளிச்சத்துக்குமாக இடம் மாற்றிக்கொள்ளும். ஆனால் மனிதனின் வண்டி வாகனங்களில் ஏறி அது கடல் கடந்துவிட்டது. 1985இல் சூடானின் கார்ட்டூம் நகரில் கண்டுபிடிக்கப்பட்டது. 2007இல் ஜோர்தானின் அகபா துறைமுகத்தில் தென்பட்டது. ஓமன், ஈரான் பாலைவெளிகளில் அது ஏற்கெனவே இயற்கையாக வாழ்கிறது. சுட்டெரிக்கும் வெயிலில் அதனால் வாழ முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மலைத்தேனீயோ உயர்ந்த மரமும் பாறையும் நீரும் இருந்தால்தான் ஓரிடத்தில் தங்கும்.

மலைத்தேனீயால் உலக அரசியலே ஒரு முறை ஆடிப்போன கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1981இல் அமெரிக்க வெளியுறவுச் செயலர் அலெக்சாண்டர் ஹேக், லாவோசிலும் கம்போடியாவிலும் சோவியத் ஆதரவோடு நச்சு ஆயுதம் பயன்படுத்தப்படுவதாகக் குற்றம் சாட்டினார். இலைகளில் படிந்திருந்த மஞ்சள் துளிகளும் ஆதாரமாகக் காட்டப்பட்டன. ‘மஞ்சள் மழை’ என்று உலகப் பத்திரிகைகள் அலறின. ஹார்வர்டு உயிரியலாளர் மாத்யூ மெசல்சனும் தாமஸ் சீலியும் அந்தத் துளிகளை ஆராய்ந்தபோது அவற்றில் நிறைய மகரந்தம் இருந்தது. செரிமானமாகி வெளியேறிய மகரந்தம். மலைத்தேனீக்கள் கூட்டமாகக் கிளம்பிப் பறந்தபடி ஒரே நேரத்தில் கழிக்கும் எச்சமே அந்த மழை என்று 1985இல் எழுதினார்கள். கூட்டிலிருந்து சூடேறிய உடல்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறி எடையையும் வெப்பத்தையும் இறக்கிவிட்டு வருவது, உள்ளிருக்கும் புழுக்களைக் குளிர்விக்கும் வழி என்பது பின்னர் மலேசியாவில் ஆராய்ந்தவர்களின் கருத்து. ஒரு பூச்சியின் அன்றாடப் பழக்கம் தெரியாததால் இரண்டு வல்லரசுகளுக்கிடையே எவ்வளவு பெரிய பழி வளர்ந்துவிட்டது, பாருங்கள்.

இனி நம் ஊர்ப் பாடு. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் 1988இல் உருவானது. அதற்குள் இருக்கும் காக்காச்சிச் சோலையில் சௌபத்ரா தேவியும் பிரியா தாவிதாரும் 86 வகைத் தாவரங்களின் மகரந்தச் சேர்க்கையை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். முக்கால் பங்குத் தாவரங்கள் ஒரே வகை மகரந்தம் சேர்ப்பவரை நம்பியிருப்பதாக அந்த ஆய்வு சொன்னது. அதாவது, அந்த ஒரு துணை போனால் அந்த மரத்துக்கு அடுத்த தலைமுறை இல்லை. அந்தச் சோலையில் மரம் நின்றால்தான் மழைநீர் மண்ணில் தங்கி ஆறாக இறங்கும். கல்லிடைக்குறிச்சி வயலில் பாயும் தண்ணீருக்கும் மலை உச்சியில் பூவைத் தேடும் பூச்சிகளுக்கும் உள்ள தொடர்பு இவ்வளவு நேரடியானது.

சமவெளியில் அந்தப் பொறுப்பில் பெரும்பங்கு கொம்புத்தேனீயுடையது. முருங்கை, எள், எலுமிச்சை, கொத்தமல்லி, சூரியகாந்தி, பூசணி என்று சிறு பூக்களில் அது உச்சி வெயிலிலும் வேலை செய்யும். பெட்டி வைத்து வளர்க்க முடியாது. திறந்த வெளிச்சம் இல்லாத பெட்டியில் இரண்டு இனமும் தங்காது. மார்த்தாண்டத்தில் பெட்டி பெட்டியாக வளர்க்கப்படுவது அடுக்குத் தேனீ. தேனீ என்றதும் அந்தப் பெட்டிதான் நம் அதிகாரிகளுக்கும் விவசாயிகளுக்கும் நினைவுக்கு வருகிறது. மானியம் அதற்கு, பயிற்சியும் அதற்கு. ஒரு காசு செலவில்லாமல் வேலியில் குடியிருந்து தோட்டத்துக்கு உழைக்கும் கொம்புத்தேனீயைக் கணக்கில் எடுப்பார் இல்லை. இது பெரிய குறை.

தேனெடுப்பதிலும் இரண்டுக்கும் ஒரே நியாயம் பேச முடியாது. மலைத்தேனீ அடையில் தேன் ஒரு மேல் ஓரத்தில் திரண்டு இருக்கும். புழு அறைகள் அதற்குத் தள்ளிக் கீழே. பக்குவம் தெரிந்தவர் தேன் பகுதியை மட்டும் அறுத்துக்கொண்டு புழுப் பகுதியை விட்டுவிடலாம். கூட்டம் தங்கி மறுபடி கட்டும். பாபநாசம் மலையின் காணி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காட்டுத்தேன் எடுத்து வருகிறார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேனையும் மெழுகையும் சிறுவன மகசூலில் சேர்த்து, அதில் காட்டுவாழ் மக்களின் உரிமையை ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த உரிமை ஏட்டளவில் நில்லாமல் அவர்கள் கைக்கு வர வேண்டும். அவர்களிடம் உள்ள பக்குவமும் நமக்கு வேண்டும். வியட்நாமின் ஊமின் காட்டில் சாய்வான மரக்கழிகளை நட்டு மலைத்தேனீயை வரவழைத்து, ஓரத்துத் தேனை மட்டும் எடுக்கும் முறை நெடுங்காலமாக நடக்கிறது. கொம்புத்தேனீ அடையிலோ தேன் கொம்பைச் சுற்றியே இருக்கிறது. எடுப்பவர் பெரும்பாலும் கொம்போடு ஒடித்துவிடுவார். கிடைப்பது ஒரு கிலோகூடத் தேறாது. அதற்காக ஒரு குடியே அழிகிறது. கொம்புத்தேனை எடுக்காமல் விடுவதே முறை.

காட்டில் மரம் குறையக் குறைய மலைத்தேனீ நம் மேல்நிலைத் தொட்டிகளையும் பாலங்களையும் அடுக்குமாடிகளையும் கோபுரங்களையும் பாறையாக எண்ணி வந்து சேர்கிறது. வந்ததும் தீப்பந்தம் வைத்துக் கொளுத்துவதே வழக்கமாகிவிட்டது. இரவோடு இரவாக ஐம்பதாயிரம் உயிர் சாம்பலாகிறது. அந்தக் கூடு அங்கே நிலையாக இருக்கப் போவதில்லை. பருவம் முடிந்ததும் தானே கிளம்பிவிடும். ஆள் நெருங்காத உயரத்தில் இருந்தால் கீழே கயிறு கட்டி, எச்சரிக்கைப் பலகை வைத்து, பட்டாசும் புகையும் கல்லும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். பள்ளிக்கூடம், மருத்துவமனை போன்ற இடங்களில் அகற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கொல்லாமல் கலைத்து அனுப்பத் தெரிந்தவர்களை அழைக்க வேண்டும். தப்பித் தவறித் தேனீ துரத்தினால் கையை வீசாமல் முகத்தையும் தலையையும் துணியால் மூடிக்கொண்டு அடைத்த அறைக்குள் ஓடிவிடுங்கள். தண்ணீரில் குதிப்பது உதவாது. தலையைத் தூக்கும் வரை அவை மேலே காத்திருக்கும். பல இடத்தில் கொட்டியிருந்தாலோ மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இங்கே விவசாயிகள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் மூன்றே வேண்டுகோள். முருங்கையும் எலுமிச்சையும் பூத்திருக்கும் நாட்களில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். அடித்தே ஆக வேண்டிய நிலை என்றால் பொழுது சாய்ந்து தேனீ கூடடைந்த பிறகு அடியுங்கள். கம்பிவேலி போடும்போது பழைய உயிர்வேலியை முழுக்க வெட்டி எறியாமல் ஒரு பக்கமாவது விட்டுவையுங்கள். கொம்புத்தேனீக்கு அது போதும். தோட்டத்தில் கைகளுக்கு எட்டும் உயரத்தில் ஒரு கொம்புத்தேன் அடையைக் கண்டால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தள்ளி நின்று காட்டுங்கள், ஒடிக்க விடாதீர்கள்.